அப்பாவின் ஏழு நோட்டுகளை ஆவணக் காப்பகத்தில் கொடுத்த அனுபவம்

அப்பா தன் வாழ்க்கையை ஏழு நோட்டுகளில் எழுதி வைத்துவிட்டுப் போனார். நடுநடுவே செருகிய கடிதங்கள், கொஞ்சம் போட்டோக்கள், அவர் பேசிப் பதிந்த இரண்டு கேசட்டுகள். வீட்டில் இருந்தால் ஒருநாள் கரையான் தின்றுவிடும் என்ற பயத்தில்தான் காப்பகத்தை அணுகினோம்.

கொடுப்பதற்கு முன் ஒழுங்குபடுத்தலாமே என்று முதல் நோட்டில் இருந்த கடிதங்களை எல்லாம் உருவித் தேதிவாரியாக அடுக்கினேன். அதைச் செய்திருக்கவே கூடாது. எந்தக் கடிதம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் ஆவணத்தின் ஒரு பகுதி என்று காப்பாளர் சொன்ன பிறகு மற்ற ஆறையும் தொடவில்லை. மூன்றாவது நோட்டில், அப்பா தன் கல்யாணத்தைப் பற்றி எழுதிய பக்கத்தில், வர முடியாது என்று பெரியப்பா போட்ட கடிதம் இருந்தது. அதைப் பற்றி நோட்டில் ஒரு வரிகூட இல்லை, ஆனால் அந்தப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார். முதல் நோட்டில் அப்படி என்னென்ன இருந்ததோ, இனி தெரியாது.

கிழிந்த தாளைச் செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம், இரண்டுமே காலப்போக்கில் தாளைக் கெடுக்கும். துருப்பிடித்த பின்களைக் காப்பகத்திலேயே பக்குவமாக எடுத்து, அமிலமற்ற உறைகளில் போட்டார்கள். ஸ்கேன் செய்ததை டிஃப் (TIFF) என்ற படக் கோப்புகளாகவும் கேசட்டுகளை டபிள்யூஏவி (WAV) என்ற ஒலிக் கோப்புகளாகவும் வைத்திருக்கிறார்கள், அசல்களும் பத்திரமாக இருக்கின்றன.

அதிக நாள் இழுத்தது ஒப்படைப்புப் பத்திரம்தான். கடிதத்தாள் நம்மிடம் இருந்தாலும் அதன் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது என்பதால் பெரியப்பா பிள்ளைகளிடம் தனியாகச் சம்மதம் வாங்கினோம். அப்புறம் ஏழாவது நோட்டு. அதில் அத்தையின் குடும்பச் சண்டை அப்படியே இருக்கிறது. கிழித்துவிடு என்றார் அத்தை. எனக்கு மனசு வரவில்லை. அந்த ஒரு நோட்டை மட்டும் 30 வருஷம் யாருக்கும் காட்டக் கூடாது என்று பத்திரத்தில் சேர்க்க முடியும் என்றார்கள், அத்தையும் சரி என்றார்.

அதன் பிறகு அவரே வந்து உட்கார்ந்து ஒவ்வொரு போட்டோவிலும் யார் யார் என்று சொல்ல, நான் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதினேன். ஒன்பது போட்டோக்களில் இருப்பவர்களை அவருக்கும் அடையாளம் தெரியவில்லை.