மெயில் சர்வரில் ஐந்தரை மணி நேரக் குழப்பம்

குழித்துறைப் பக்கம் ஒரு முந்திரி ஆலை. எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீஸ். அங்கே மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் பகுதி நேர வேலை. 2 ஜிபி மெமரியில் ஸ்பேம் ஃபில்டரும் சேர்ந்து ஓட, பெட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதர்போர்டு, ப்ராசஸர், 8 ஜிபி மெமரி எல்லாம் புதிதாக மாட்டினோம். ஹார்ட் டிஸ்க் பழையதே. அதிலிருந்த டெபியன் என்ற லினக்ஸ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்து வந்தது. லாகின் திரையைப் பார்த்ததும் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிவிட்டேன். அதுதான் தப்பு.

திங்கள் காலை எட்டரைக்கு ஆலை அண்ணாச்சி போன். "தம்பி, ஒரு மெயிலும் வரல்ல கேட்டியளா. எப்பம் சரியாவும்?"

போய்ப் பார்த்தால் பெட்டி ஓடுகிறது, கேபிள் லைட் எரிகிறது, பிங் மட்டும் இல்லை, அதாவது நெட்வொர்க்கில் கூப்பிட்டால் பதில் இல்லை. பிங் இல்லாத இடத்தில் முதலில் நெட்வொர்க்கைத்தான் பார்த்திருக்க வேண்டும். நான் மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் செட்டிங்கைக் குடைந்து ஒரு மணி நேரத்தைத் தொலைத்தேன். சர்வரின் முன்னால் உட்கார்ந்து, அதிலிருந்தே மெயில் வாங்கும் வாசலான அதன் 25ஆம் போர்ட்டை டெல்நெட் கட்டளையால் தட்டியபோது '220', அதாவது 'தயார்' என்று உடனே பதில் வந்தது. ஆள் வீட்டுக்குள் நன்றாகத்தான் இருக்கிறார், வாசல்தான் அடைத்துக் கிடக்கிறது.

நெட்வொர்க் கார்டுகளைப் பட்டியலிடும் 'ஐபி லிங்க்' கட்டளையைக் கொடுத்ததும் புரிந்தது. நெட்வொர்க் கார்டின் பெயர் முன்பு 'இஎன்பி2எஸ்0', இப்போது 'இஎன்பி4எஸ்0'. கார்டு போர்டில் எந்த பஸ்ஸில் (தகவல் போகும் பாதையில்), எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதை வைத்து லினக்ஸ் இந்தப் பெயரை வைக்கிறது. போர்டு மாறினால் பெயரும் மாறலாம். ஐபி முகவரியோ பழைய பெயரில் எழுதி வைத்தபடியே கிடந்தது. அந்தப் பெயரில் ஒரே ஓர் எண்ணைத் திருத்தினேன், பிங் வந்துவிட்டது. அக்கவுண்ட்ஸ் அக்கா கட்டன் சாயாவே கொண்டுவந்து தந்துவிட்டார்.

சாயா ஆறுவதற்குள் அவரே திரும்பி வந்தார். "தம்பி, மெயில் பெட்டி திறக்கல்லியே."

மெயில் வந்து சேருகிறது, ஆனால் யாராலும் எடுத்துப் படிக்க முடியவில்லை. வந்த மெயிலைப் பயனர்களுக்கு எடுத்துக் காட்டும் மென்பொருளான டவ்காட்டின் பதிவைத் திறந்தால், நேரம் 19,800 வினாடி பின்னால் போய்விட்டது என்று புகார். மெயில் ஃபைல்களின் பெயரிலேயே நேரம் இருப்பதால், கடிகாரம் பின்னால் போனால் டவ்காட்டுக்குப் பயம். அதன் ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருந்த வேலைகள்) தாங்களாகவே கடையை மூடியிருந்தன.

19,800 என்ன கணக்கு? 3,600ஆல் வகுத்தேன். ஐந்தரை. நம்மூர் நேரத்துக்கும், அதற்குப் பின்னால் ஓடும் உலகப் பொது நேரமான யூடிசிக்கும் உள்ள அதே வித்தியாசம்!

போர்டு மாட்டித் தந்த கடைத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பயாஸ்ல மணி தப்பா இருந்துச்சு அண்ணே, நாந்தான் சரியா வச்சேன்" என்றான், பெருமையாக. பயாஸ் என்பது போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்; அதன் மணியை நம்மூர் நேரத்துக்கு வைத்திருக்கிறான். விண்டோஸுக்கு அது சரிதான். எங்கள் சர்வரோ பயாஸ் மணியை யூடிசி என்று எடுத்துக்கொள்ளும். ஆக ஞாயிறு முழுக்க ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடியிருக்கிறது. நெட் இல்லாததால் அது வெளியே தெரியவில்லை. நான் நெட்டைச் சரி செய்ததும், இணையத்தில் சரியான நேரம் சொல்லும் டைம் சர்வர் ஒரே இழுப்பில் நேரத்தைப் பின்னால் தள்ளிவிட்டது. முதல் கோளாறைத் தீர்த்த கையாலேயே இரண்டாவதை வரவழைத்திருக்கிறேன்.

சரியான நேரத்தை யூடிசியாக பயாஸுக்கும் எழுதிவிட்டு டவ்காட்டை மறுபடி தொடக்கினேன். எல்லோருக்கும் பெட்டி திறந்தது.

அண்ணாச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை மெயில்கள் போய்விட்டதோ என்று கவலை. போகாது. நம் சர்வர் எடுக்காவிட்டால் அனுப்பிய சர்வர் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸே வழக்கமாக 5 நாள் பொறுக்கும். மதியச் சோறு முடிவதற்குள் பாதிக்கு மேல் வந்துவிட்டன, மீதி சாயங்காலத்துக்குள்.

பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: 'உள்ளே பயாஸ் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால்தான் காட்டும். யாரும் திருத்த வேண்டாம்.'