டர்பனில் ஜெம்பே வாங்கப் போறீங்களா? வெயிலில் காயும் மேளத்தை நம்பாதீங்க

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை நடைபாதையில் வரிக்குதிரைப் பட்டையும் யானைப் படமும் தீட்டி வரிசையாக நிற்கின்றனவே, அவற்றில் பாதி மேளமே இல்லை. மேலே பூந்தொட்டி வைக்கலாம், களைத்தால் உட்காரலாம். அதற்குப் போய் 1,200 ரேண்ட் கேட்கிறார்கள். 'பாரம்பரிய ஜூலு மேளம்' என்று அட்டை வேறு. ஜெம்பேக்கும் இந்த ஊர்ப் பக்கத்து ஜூலு மக்களுக்கும் சம்பந்தமே கிடையாது. அது மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, மாலி, ஐவரி கோஸ்ட் பக்கத்து மாண்டே மக்கள் வெறுங்கையால் அடிக்கும் கோப்பை வடிவ மேளம். 1950களில் 'லே பாலே ஆஃப்ரிகேன்' நடனக்குழு ஊர் ஊராகச் சுற்றிய பிறகுதான் வெளியுலகத்துக்கே தெரிந்தது. ஜூலுக்களின் இசிகுபு இரண்டு பக்கமும் தோல் போட்டது, அடிக்கும் விதமும் வேறு. அதைக் கேட்டால் அந்தக் கடையில் கிடைக்காது!

எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கட்டை, கயிறு, தோல், சத்தம், விலை என்ற வரிசையில் சொல்வதாகத் திட்டம். ஆனால் அதற்கு முன் வெயில் விவகாரம்.

ஆட்டுத்தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் தொய்யும், காய்ந்தால் இறுகும். டர்பன் கோடையில் சட்டை முதுகில் ஒட்டுகிற ஈரம் என்பதால் காலையில் எந்த மேளமும் மந்தமாகத்தான் இருக்கும். அதனால் கடைக்காரர் பத்து மணிக்கே மேளங்களைத் தார்த்தரையில் வெயில் படும்படி எடுத்து வைக்கிறார். அரை மணி நேரத்தில் தோல் விறைத்துவிடும். அப்போது தட்டினால் எந்த மட்டமான மேளமும் சுள்ளென்று பேசும். வாங்குபவர் மயங்குவது அங்கேதான். செய்ய வேண்டியது ஒன்றே: பிடித்த மேளத்தை நிழலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், கடற்காற்று படட்டும், இருபது நிமிடம் கழித்து மறுபடி தட்டுங்கள். சுருதி கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆனால் ஓரத்தில் அடிக்கும்போது 'தொப்' என்று மட்டும் கேட்டால், அந்தக் கயிறு ஒருநாளும் ஒழுங்காக இழுக்கப்படவில்லை என்று அர்த்தம். நிழலுக்குக் கொண்டுவர மறுக்கிற கடையில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இனி கட்டை. காசு போட வேண்டிய இடம் இதுதான். தோலும் கயிறும் மாற்றிக்கொள்ளலாம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் காவடிக் குழுக்களுக்கு மேளம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர், பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாகச் சொன்னது: "தோல் கிழிஞ்சா எடுத்துட்டு வா தம்பி, மாத்தித் தரேன். கட்டை வெடிச்சா என்கிட்ட வராதே."

நல்ல ஜெம்பே ஒரே மரத்துண்டிலிருந்து குடைந்தது. துண்டுகளை ஒட்டிச் செய்ததா என்று வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பெயின்ட் மறைத்துவிடும். மேளத்தைப் படுக்க வைத்து, அடிவாய் வழியே ஃபோன் டார்ச்சை விட்டுப் பாருங்கள். உளி பட்ட தடங்கள், சில மேளங்களில் சுற்றிச் சுற்றிப் போகும் வரிகள் தெரிந்தால் கைவேலை. உட்புறம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் கடைசல் இயந்திரத்தில் செய்தது. அது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வருகிற மகோகனி. குழந்தைகளுக்கு ஓகே, ஆனால் அதைக் 'கானாவில் செதுக்கியது' என்று சொல்லி விற்கும்போதுதான் கோபம் வருகிறது.

உள்ளே இன்னொன்றையும் பாருங்கள். மேல்பாதி கிண்ணம் போல உருண்டு, கீழே சட்டென்று ஒடுங்கித் தண்டாக வேண்டும். அந்தக் கழுத்தில் உங்கள் கை தாராளமாக நுழைய வேண்டும். கிண்ணமே இல்லாமல் புனல் மாதிரி நேராகச் சரிந்தால் பேஸ் வராது. உள்ளே அடைபட்ட காற்று கழுத்து வழியாக அதிர்வதால்தான் அந்தக் கனத்த ஓசை பிறக்கிறது. இதே காரணத்தால், மேளத்தைத் தரையில் தட்டையாக நிறுத்தி அடித்தால் பேஸ் செத்துப்போகும். முன்பக்கம் சாய்த்து அடிவாயைத் திறந்துவிட வேண்டும். கடைக்காரர் நிறுத்தி வைத்தே தட்டிக் காட்டினால், நீங்களே வாங்கிச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மரம்: லெங்கே, ஜாலா, இரோக்கோ எல்லாம் கனமான மரங்கள். நல்ல கட்டையில் 12 இன்ச் வாய் கொண்ட மேளம் ஆறு முதல் ஒன்பது கிலோ இருக்கும். கானாவின் த்வெனெபோவா இதைவிட லேசு. தோளில் மாட்டித் திரிய சௌகரியம், ஓசையில் வெட்டு குறைவு, கீழே போட்டால் நசுங்கும். இரண்டு கையால் தூக்கும்போது காற்றைத் தூக்குகிற மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள். தொட்டால் குளிர்ச்சியாக, உள்ளே சாம்பல் பூஞ்சையோடு இருந்தால் மரம் இன்னும் பச்சை, ஊருக்குப் போனதும் வெடிக்கும். கட்டையை உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டுங்கள். மாவு மாதிரித் தூள் கொட்டினால் பூச்சி குடியிருக்கிறது.

விரிசலில் எல்லாம் பயப்பட வேண்டியதில்லை. அடிப்பாகத்தில் மரநார் ஓட்டத்தில் மயிரிழையாக ஓடுவது பரவாயில்லை. மேல் விளிம்பைத் தொடும் விரிசல், சுவரைத் துளைத்து மறுபக்கம் டார்ச் வெளிச்சம் தெரியும் விரிசல், இரண்டும் வேண்டாம். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து மேலே ஷூ பாலிஷ் பூசியிருப்பார்கள். நகத்தால் சுரண்டினால் தெரியும். அடுத்தது விளிம்பு. தோலின் மேலேயே கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டுங்கள். உருண்டையாக, மேடு பள்ளமின்றி இருக்க வேண்டும். கூராக இருந்தால் தோலையும் அறுக்கும், உங்கள் விரலையும் அறுக்கும்.

அளவு: பெரியவர்களுக்கு வாய் 12 அல்லது 13 இன்ச், உயரம் 60 சென்டிமீட்டர் சுமாருக்கு. பத்து இன்ச்சுக்குக் கீழே போனால் இரண்டு கையும் இடித்துக்கொள்ளும், நடுவில் அடிக்கும் பேஸுக்கும் விளிம்பில் அடிக்கும் டோனுக்கும் வித்தியாசமே கேட்காது. 'முதல் மேளம்தானே, சின்னதாக எடுப்போம்' என்பது பணத்தை மிச்சம் பிடிக்கிற யோசனை மாதிரி இருக்கும். ஆறே மாதத்தில் இரண்டாவது வாங்க வைக்கும்.

இடைவேளை. பழைய கிரே தெரு (இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ தெரு) பக்கத்தில் பீன்ஸ் 'பன்னி சௌ' என்கிற ரொட்டிச் சாப்பாடு சாப்பிடாமல் மேளக்கடைக்குள் நுழையாதீர்கள். கால் ரொட்டியைக் குடைந்து, கறிவேப்பிலை வாசத்தோடு மொச்சை நிறத்தில் குழைந்த பீன்ஸ் குழம்பை ஊற்றி, குடைந்தெடுத்த பஞ்சை மேலே மூடி வைத்துத் தருகிறார்கள். அந்தப் பஞ்சைக் குழம்பில் தோய்த்துத் தின்ன ஆரம்பித்து, ரொட்டிச் சுவர் ஊறிச் சரிவதற்குள் முடிக்க வேண்டும். ஸ்பூன் கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். மட்டன் விலையில் பாதிகூட இல்லை. அந்த மிச்சத்தில் கயிறு வாங்கலாம்.

கயிறு என்றதும் வளையங்கள். மூன்று இருக்க வேண்டும்: தோலைப் பிடிக்க இரண்டு, கழுத்துப் பக்கம் ஒன்று. மெல்லிய கம்பியானால் கயிறு இழுக்கும் இடமெல்லாம் உள்வாங்கிக் கோணலாகும். டர்பன் உப்புக்காற்றில் துரு வேறு. துணி சுற்றியிருந்தால் ஓரிடத்தில் விலக்கிப் பாருங்கள். துருக்கறை ஏறிய இடத்தில் தோல் சீக்கிரம் இற்றுப்போகும். மேல் வளையம் விளிம்புக்கு இரண்டு விரல் அகலம் கீழே, சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். விளிம்பை ஒட்டி இருந்தால் அடிக்கும் கை வளையத்தில் படும். கயிறு நாலைந்து மில்லிமீட்டர் பாலியெஸ்டர், நீளாத ரகம். நைலானும் பருத்தியும் இழுக்க இழுக்க நீளும், சுருதி நிற்கவே நிற்காது. நேர்க்கயிறுகளை விரலால் அழுத்துங்கள், விறைப்பாக எதிர்க்க வேண்டும். கீழே தோலை இறுக்கப் போடும் பின்னல் முடிச்சு ஏற்கனவே இரண்டு மூன்று சுற்று ஏறியிருந்தால், இழுக்க வேண்டியதை எல்லாம் இழுத்து முடித்துவிட்டார்கள். மிச்சக் கயிறு ஓரிரண்டு மீட்டராவது தொங்க வேண்டும்.

தோலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முதுகெலும்புக் கோடு நடுவில் ஓடினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பேசும். முடி மழித்தபோது பிளேடு கீறிய இடம் ஓரத்தில் இருந்தால், கிழிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்த தோல் ரசாயனத்தில் ஊறியதாக இருக்கலாம், சீக்கிரம் போய்விடும்.

சத்தம்: நடுவில் முழு உள்ளங்கை பட்டுத் துள்ளி எழுந்தால் பேஸ். விளிம்பில் விரல்களைச் சேர்த்து அடித்தால் டோன். அதே இடத்தில் விரல்களைத் தளர்த்தி நுனி தெறிக்க அடித்தால் ஸ்லாப். விற்கிறவர் அடித்துக் காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அவர் கை பெயின்ட் டப்பாவிலும் இசை எழுப்பும். ஓரத்தில் நாலு திசையிலும் டோன் அடித்து ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். 'ஸ்ர்ர்' என்று இரைந்தால் வளையம் தளர்வாக இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். பிறகு கூட வந்தவரை அடிக்கச் சொல்லி நாலடி தள்ளி நில்லுங்கள். மேலே உட்கார்ந்து அடிப்பவருக்குப் பேஸ் சரியாகக் கேட்காது.

விலை. ஓர் ஒழுங்கான 12 இன்ச் மேளத்துக்கு இந்தத் தடவை 3,000 முதல் 4,500 ரேண்ட் வரை சொன்னார்கள், செனகல் வியாபாரி ஒருவர் கடைசியில் 2,800க்கு இறங்கினார். தோல் கிழிந்து, கட்டை நன்றாக இருக்கும் மேளம் மூலையில் கிடந்தால் அதைத்தான் முதலில் கேளுங்கள். பாதி விலைக்கு வரும், புதுத்தோல் போட்டுக்கொள்ளலாம். வாரம் ஒருநாள் வகுப்புக்குப் போகிறவர், கடலோரத்தில் வீடு, கயிறு இழுக்கப் பொறுமை இல்லை என்றால் ரெமோ போன்ற நிறுவனங்களின் செயற்கைத் தோல் மேளம் போதும். மழையிலும் சுருதி மாறாது. ஸ்லாப் மட்டும் தகரத்தனமாக இருக்கும்.

டர்பனில் வாங்கி ஜோஹன்னஸ்பர்க் கொண்டுபோகிறவர்கள் கவனியுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள், குளிர்காலத்தில் அங்கே காற்றில் ஈரமே இருக்காது. டர்பன் ஈரத்தில் முறுக்கி ஏற்றிய தோல் அங்கே தானாகவே இன்னும் இறுகி, ராத்திரியில் யாரும் தொடாமலே கிழியும். கிளம்புமுன் பின்னலில் ஐந்தாறு முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்து ஏற்றிக்கொள்ளலாம்.

வழியில் ஏற்றியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மினிபஸ் டாக்சியில் கணக்கு நேர்மை: மேளம் ஒரு சீட்டைப் பிடித்தால் ஒரு சீட்டுக்காசு, பணம் வரிசை வரிசையாக முன்னால் போய், சில்லறை அதே வழியில் திரும்பி வரும். பேருந்து நிலையத்தில் பிடித்த வாடகைக் கார்தான் அநியாயம். 80 ரேண்ட் என்று பேசி ஏறி, இறங்கும்போது 'டிரம்முக்குத் தனி' என்று 150 கேட்டார் ஓட்டுநர். டிக்கியில் படுத்திருந்த மேளம் பெட்ரோல் குடித்ததா என்ன? ஏறுவதற்கு முன்பே மேளத்தைக் காட்டி விலை பேசுங்கள்.

விமானத்தில் கொண்டுபோகிறவர்களுக்கு: 60 சென்டிமீட்டர் உயரம் கேபினில் ஏறாது, செக்-இன்தான். கிண்ணத்துக்குள் துணிமணியைத் திணித்துவிட்டால் இடமும் மிச்சம், கட்டைக்கும் முட்டுக்கொடுத்த மாதிரி. தோல் பக்கத்துக்கு மட்டும் தடிமனான அட்டை ஒன்றை வட்டமாக வெட்டிக் கட்டிவிடுங்கள்.