குட்டியைப் பிரிந்த மந்தி: திருவொற்றியூர்க் குறிப்புகள்

மார்ச் 11, காலை 7.20
தேரடிப் பக்கத்து மொட்டை மாடியில் நாட்டுக் குரங்குக் கூட்டம். சின்டெக்ஸ் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே குட்டி சிக்கிக் கிடக்கிறது. தாய் மந்தி சுவர்மேல் முன்னும் பின்னும் நடக்கிறது, எழுந்து நின்று எட்டிப் பார்க்கிறது, 'கூ' என்று நீட்டிக் கூப்பிடுகிறது. பத்து நிமிடத்தில் 14 முறை தன்னையே சொறிந்துகொண்டது. குரங்கின் பதற்றத்தை அளக்க, கடிகாரம் வைத்துச் சொறிவதை எண்ணுவதுதான் எளிய வழி.

8.05
மந்தி அடங்கி உட்கார்ந்துவிட்டது. "மறந்துடுச்சு, நாமளே வளர்க்கலாம்" என்று கீழே பேச்சு. மறக்கவில்லை. 1970களின் கடைசியில் ஆய்வாளர்கள் சீமோர் லெவின், கிறிஸ்டோபர் கோ குழுவினர் தென்னமெரிக்க அணில் குரங்குகளில் தாயையும் குட்டியையும் அரைமணி நேரம் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டின் ரத்தத்திலும் கார்ட்டிசால் (பதற்றத்தில் கூடும் ஹார்மோன்) ஏறியது. கூட்டத்து வேறொரு பெண் குரங்கு குட்டியைத் தூக்கிக்கொண்டு, பார்வைக்குக் கலக்கம் குறைந்திருந்தபோதும் கார்ட்டிசால் அளவு ஏறியது. சத்தம் நின்றது என்பதற்காகப் பிரிவைத் தாங்கிக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

8.40
தொட்டியை நகர்த்தித் தடித்த துணியால் குட்டியை எடுத்தாயிற்று. காயம் இல்லை, பிடி வலுவாக இருக்கிறது. குளிப்பாட்டக் கூடாது, உடம்பு சில்லிட்டுவிடும். வாயில் பால் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. மூடாத மூங்கில் கூடையில், தாய் கடைசியாக நின்ற சுவர்மேல், நிழல் பார்த்து வைத்தோம். எல்லோரும் படிக்கட்டுக்குள் ஒதுங்கினோம், நாயைக் கட்டிப்போட்டார்கள்.

9.10
குட்டி கீச்சிட்டது. மந்தி ஒரே தாவில் வந்து வாரி வயிற்றோடு அணைத்துக்கொண்டது. குட்டியின் வாய் நேரே காம்புக்குப் போனது.

மார்ச் 12
அதே மந்தியின் சாணம் எடுத்தோம். நேற்றைய கார்ட்டிசாலின் சிதைபொருள் சாணத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதனால்தான் இன்று. ரத்தம் எடுக்கப் பிடித்தால் பிடித்த பதற்றமே சில நிமிடங்களில் அளவை ஏற்றிவிடும். சிறுநீர் படாத நடுப்பகுதியை மட்டும் குச்சியால் எடுத்து, நேரம் எழுதி, உடனே ஐஸ் பெட்டியில் போட வேண்டும். இந்த வெயிலில் விட்டுவைத்தால் கிருமிகள் ஹார்மோனைச் சிதைத்து அளவைக் கெடுத்துவிடும். பிறகு மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்க வேண்டும்.

மார்ச் 15
சொறிவது பத்து நிமிடத்தில் 3. இன்றும் சாணம் எடுத்தாயிற்று. பால் கொடுக்கும் மந்தியை அதன் சாதாரண நாளோடுதான் ஒப்பிட வேண்டும், வேறு மந்தியோடு அல்ல. குட்டி தாயின் வாலைப் பிடித்துத் தொங்குகிறது.