மழையில் இருபது வளைவுகள்

நவம்பர் 6, வியாழன்

சேலத்தில் காலையிலிருந்து தூறல் விடவில்லை. வரும் ஞாயிறன்று அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நடந்தே ஏறி, ஏரியைக் கடந்து சேர்வராயன் கோயில் வரை செல்வதாகத் திட்டம். வளைவு ஒன்றுக்கு இவ்வளவு என்று நன்கொடையாளர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சேரும் பணம் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் பயணச் செலவுக்கு. சிகிச்சைக்குக் காப்பீடு கிடைத்தாலும், வாரம் இரண்டு மூன்று முறை வாழப்பாடியிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் துணைக்கு ஓர் ஆளுடன் வந்துபோகிறவர்களுக்கு, வழிச்செலவும் இழந்த கூலியும் பெரும் சுமை. அதற்காகவே இந்த நடை.

நவம்பர் 8, சனி

உதவிக் குழுவில் நாங்கள் ஏழு பேர். இன்று வேன்களில் கம்பளி, துண்டு, உப்புப் பொட்டலம், சுக்குக் காப்பிக்கான ஃபிளாஸ்க் எல்லாம் ஏற்றினோம். ஒரு தவறு இப்போதுதான் உறைத்தது: நடப்பவர்களுக்கு நாங்கள் அச்சடித்துக் கொடுத்தவை பருத்திச் சட்டைகள். நனைந்த பருத்தி எளிதில் உலராது. காற்று பட்டால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. கோயிலோ 1,600 மீட்டருக்கும் மேலே. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பதைக் கணக்கிட்டால், கீழே வெறும் மழையாக இருப்பது மேலே ஆபத்தாகிவிடும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துவருமாறு இரவு பத்து மணி வரை ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொன்னேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஐந்தரை மணிக்கு 38 பேர் கிளம்பினார்கள். எட்டாவது வளைவு வரை பேச்சும் சிரிப்பும் கேட்டன. அதன்பின் மூடுபனி இறங்கி, முன்னால் போகும் வேனின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரிந்தது. ஓரப் புல்லில் கால் வைத்தவர்களை அட்டை பிடித்துக்கொண்டது. அதற்கு உப்பு போதும். என் கவலை குளிரைப் பற்றியதுதான்.

பதினான்காவது வளைவில் அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "ஒண்ணுமில்லீங்க, இன்னும் ஆறு வளைவுதானுங்களே" என்றார். ஆனால் நாக்கு குழறியது. சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னேன். நாளெல்லாம் அறுந்த பட்டிழையைப் பிணைக்கும் அந்த விரல்களால் ஒரு பொத்தானைப் பிடிக்க முடியவில்லை. பார்த்ததும் எனக்கு நெஞ்சு பதைத்தது. வேனுக்குள் ஏற்றி, ஈரத்துணியைக் களைந்து, துடைத்து, கம்பளியால் போர்த்தினோம். கைகால்களைத் தேய்க்க முனைந்த தம்பியைத் தடுத்து, மார்பையும் கழுத்தையும் முதலில் சூடாக்கச் சொன்னேன். பேச்சு தெளிந்த பிறகே சுக்குக் காப்பியை மடக்கு மடக்காகக் கொடுத்தோம். நடுக்கம் அடங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஏரிக்கரையில் பெயர்ப் பட்டியலை இருமுறை வாசித்து 38 பேரையும் சரிபார்த்தோம். கோயில் பக்கம் இடி முழங்கியது. மேலே மரமற்ற வெட்டவெளி. மின்னலில் அங்கே ஒருவரையும் அனுப்ப முடியாது. ஏற்றத்தை அங்கேயே முடித்துக்கொள்வதாக அறிவித்தேன். சிலருக்கு மனத்தாங்கல்தான். குகைக்குள் இருக்கும் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட வேண்டும் என்று ஒரு பெரியம்மா கண்கலங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, முடிவை மாற்றவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

கம்பளிகள் இன்னும் உலரவில்லை. மாலையில் தறிக்காரர் தம் நன்கொடைத் தாளுடன் வந்தார். அவருக்காக எழுதிக்கொடுத்தவர்கள் 20 வளைவுக்கும் பணம் தரச் சம்மதித்துவிட்டார்களாம். "நான் நடந்தது பதினாலுங்க, ரசீதுலயும் அப்படியே எழுதுங்க. மிச்சத்த அவங்களே தர்றாங்கன்னா, அத அவங்க பேர்ல தனியா எழுதிக்கோங்க" என்றார். இரண்டு ரசீதுகளாக எழுதிக் கொடுத்தேன்.