தொண்டி முதல் வேம்பார் வரை, வாடைக்காற்றோடு

தொண்டியில் தொடங்கி, தனுஷ்கோடியைத் தொட்டுத் திரும்பி, ராமநாதபுரம் மாவட்டத்தின் தெற்கு எல்லையைத் தாண்டி வேம்பார் வரை சைக்கிளில் போகிறோம் என்று சொன்னபோது, நன்றாக ஓட்டிப் பழகிய நண்பர்கள்கூட "அது நேர் ரோடுதானே, மேடா பள்ளமா" என்றார்கள். நேர் ரோடுதான். ஆனால் மலையில் ஏறினால் எங்கேயாவது இறக்கம் வந்து கால் ஓயும். ராமநாதபுரம் கரையில் காற்று எதிரே நின்றுவிட்டால் சாயங்காலம் வரை நிற்கும். அதனால் குழுவாக இங்கே ஓட்ட நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எந்த மாதம் போகிறீர்கள் என்று பார்த்து, எந்த ஊரில் தொடங்குவது என்று முடிவு பண்ணுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நாங்கள் போனது தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு. வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கிற காலம். தொண்டியிலிருந்து தெற்கே வரும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளியது. இடது பக்கம் அங்கங்கே பாக் விரிகுடா தெரிந்தது. காரங்காட்டில் இறங்கிப் படகில் அலையாத்திக் காட்டைப் பார்த்தோம். அறுவடை நேரம் என்பதால் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டு, ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். நெல்மேல் சைக்கிள் ஏறினால் வழுக்கும், அது போக அது ஒருவர் வீட்டுச் சோறு, ஒதுங்கித்தான் போகவேண்டும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைக் கும்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் ராமநாதபுரம்.

கஷ்டம் அங்கிருந்து கிழக்கே திரும்பினபோது ஆரம்பித்தது. வைகை கடலில் சேருகிற பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று நெடுஞ்சாலையை விட்டுப் பனைக்குளம், அழகன்குளம் வழியாகச் சுற்றினோம். அழகன்குளத்து அகழாய்வில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும், கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. இதே வாடைக்காற்றில் பாய் விரித்து எத்தனை பேர் இந்தத் துறையில் வந்து போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன். நமக்குப் பாய் கிடையாது, முன்னால் போகிறவர் முதுகுதான். ஒருவர் காற்றை வாங்கிக்கொண்டு முன்னால் போவார், மற்றவர்கள் அவர் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிப் போவோம், அவருக்கு மூச்சு வாங்கியதும் ஒதுங்கிக் கடைசிக்குப் போக, அடுத்தவர் முன்னால். எங்களோடு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். அவரைப் போல மெதுவாக ஓட்டுகிறவர்களைக் கடைசியில் விடக்கூடாது, மூன்றாவது ஆளாக நடுவில் வைக்கவேண்டும். கடைசியில் விட்டால் இடைவெளி விழும், விழுந்த இடைவெளியைக் காற்றில் தனியாக மிதித்து அடைக்க யாராலும் முடியாது. மதுரையிலிருந்து வந்திருந்த கல்லூரிப் பையன்கள் முன்னால் போகும் முறை வந்ததும் வேகம் பிடித்தார்கள். எங்களோடு வந்த நர்ஸ் அக்கா சத்தம் போட்டார்: "தம்பி, கையில வாட்ச்சப் பாக்காத. பின்னாடி சார் வர்றாரான்னு பாரு." அதற்கப்புறம் எல்லாம் சரியாக நடந்தது.

பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1988-இல் திறந்தது. பக்கத்தில் 1914-இன் பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும். அங்கே காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள் என்றால் சைக்கிள் எம்மாத்திரம். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கையைத் தளர்த்தி, ஒருவர் பின் ஒருவராகப் போய்விடுவது நல்லது. படம் எடுக்க நடுப்பாலத்தில் நிற்கும் வண்டிகளிடம் கவனம்.

தனுஷ்கோடிக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர், 2017-இல் திறந்த சாலை, இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வேன்கள் வருவதற்குமுன் அந்தச் சாலை முழுக்க நம்முடையது. இடது பக்கத்துப் பாக் விரிகுடாவைப் பெண் கடல், வலது பக்கத்து மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். தை மாதத்தில் பெண் கடல்தான் சீறுகிறது, ஆண் கடல் அடங்கிக் கிடக்கிறது. ஆடியில் இது அப்படியே மாறும். இங்குள்ள மீனவர்கள் காற்றுக்குத் தக்கபடி இந்தக் கரையிலும் அந்தக் கரையிலுமாகத் தொழிலை மாற்றிக்கொள்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் அப்படியே கடலுக்குள் போனது இங்கேதான். இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் வாத்தியார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வெகுநேரம் நின்றார். அவசரப்படுத்தவில்லை.

திரும்பும்போது காற்று நம் பக்கம். உச்சிப்புளியில் தெற்கே இறங்கி, உள்ளூர்ச் சாலைகளில் பெரியபட்டினம் வழியாகக் கீழக்கரை. அங்கே தொதல் வாங்காமல் வராதீர்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியுமாகக் கிண்டியது, ஒரு துண்டு வாயில் போட்டால் நெடுநேரம் தாங்கும்.

அப்புறம் முள். ஏர்வாடியைத் தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான், அதைத்தான் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள், விறகு ஏற்றிப்போகிற வண்டியிலிருந்து சிந்துகிற முள் தார்ச்சாலையில் கண்ணுக்கே தெரியாது. ஒரு பையனுக்கு ட்யூப் மாற்ற மாற்றக் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. சாலையோரப் பஞ்சர் கடையில் இருந்த பாய் டயரைக் கழற்றி வாங்கினார். "மேல புடுங்கிட்டா ஆச்சா, நுனி உள்ளுக்குள்ள ஒடிஞ்சு நிக்கும்" என்று சொல்லி, ஒரு கை பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பஞ்சு இழை மாட்டியது. அங்கே வெளியிலிருந்து கட்டைவிரலால் அமுக்கி, உள்ளே எட்டிப் பார்த்த கறுப்பு நுனியைக் குறடால் பிடித்து இழுத்தார். எள்ளளவுகூட இல்லை. கையால் தடவினால் விரலில் குத்துமே தவிர இது அகப்படாது. அந்தப் பஞ்சு இப்போது எங்கள் எல்லோர் பையிலும் இருக்கிறது.

வாலிநோக்கம் உப்பளங்களில் பாத்திகளை மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். மாரியூர்ப் பக்கம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. குடங்கள் அடுக்கிய தள்ளுவண்டியோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். அடிகுழாயைக் காட்டிக் கேட்டதற்கு, "அது சவரு தம்பி, வாயில வைக்க முடியாது" என்று தங்கள் குடத்திலிருந்தே எங்கள் பாட்டில்களில் ஊற்றினார்கள். எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் அது. அவர்கள் கொடுப்பார்கள், நாம் கேட்கக்கூடாது என்றுதான் எனக்குப் பட்டது. சாயல்குடி, ஏர்வாடி போன்ற பெரிய ஊர்களிலேயே ஆளுக்கு நாலைந்து லிட்டர் நிரப்பிக்கொண்டு போவதுதான் முறை. வேகவைத்த பனங்கிழங்கு மட்டும் வழியெல்லாம் கிடைத்தது, பசிக்கு அது போதும்.

மூக்கையூர் தாண்டி வேம்பாரில் முடித்தோம். ஆடியில் போகிறவர்கள் இந்த வழியைத் தலைகீழாக வையுங்கள், அப்போது காற்று தென்மேற்கு. வேம்பாரில் தொடங்கினால் தனுஷ்கோடி வரை முதுகில் இருக்கும். வெயில் கூடும், அதனால் பத்து மணிக்குமேல் ஓட்டாதீர்கள்.