அலாஸ்கா க்ரூஸ்: முன்பதிவு முதல் ரீஃபண்ட் வரை ஒரு நாட்குறிப்பு

2024 நவம்பர் 17, ஞாயிறு

அடுத்த கோடையில் அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து எங்களோடு இருக்க டாலஸ் வருகிறார்கள். அவர்களை அலாஸ்கா கூட்டிப்போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, காரில் ஊர் ஊராக இறங்கி ஏறுவதெல்லாம் நடக்காது. க்ரூஸ், அதாவது சொகுசுக் கப்பல் பயணம், என்றால் பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும்.

இன்று பாதி நாள் விசா விஷயத்திலேயே போயிற்று. முன்பதிவுக்கு முன்னாலேயே இது தெரிந்திருக்க வேண்டும், அதனால் முதலில் இதை எழுதுகிறேன். சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் பெரிய கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, பெர்முடா, நெதர்லாந்து என்று வெளிநாட்டுக் கொடியோடு ஓடுபவை. அப்படிப்பட்ட கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களை மட்டும் சுற்றிவிட்டுப் பயணிகளை இறக்கிவிட முடியாது, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்று 1886ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அதனால்தான் கடைசி நாள் ராத்திரி கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கிறார்கள். 2021இல் கோவிட் காரணமாகக் கனடா தன் துறைமுகங்களை க்ரூஸ் கப்பல்களுக்கு மூடியபோது, அலாஸ்கா சீசனைக் காப்பாற்ற அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் தற்காலிக விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது.

எனக்கும் என் கணவருக்கும் கிரீன் கார்டு இருப்பதால் கனடா விசா தேவையில்லை, இந்திய பாஸ்போர்ட்டோடு கார்டையும் காட்டினால் போதும். அப்பா அம்மாவிடம் பத்து வருட அமெரிக்க விசா இருந்தாலும் கனடா விசா தனியாக எடுத்தாக வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருக்கிற நம் ஆட்களுக்கும் இதே கதைதான். போனில் அப்பாவிடம் சொன்னபோது, "நாங்க விக்டோரியால இறங்கவே வேண்டாம்மா, கப்பல்லயே உக்காந்துக்கறோம்" என்றார். கப்பல் கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் விசா இல்லாமல் சியாட்டிலில் ஏற்ற மாட்டோம் என்று தெளிவாகச் சொன்னார்கள்.

2024 நவம்பர் 30, சனி

முன்பதிவு முடிந்தது. ஜூன் கடைசி வாரம், ஏழு இரவு, இரண்டு பால்கனி கேபின், பக்கத்துப் பக்கத்தில்.

ஒரே கேபினுக்கு இரண்டு விலை காட்டினார்கள். டெபாசிட் திரும்பக் கிடைக்காத விலை கொஞ்சம் மலிவு. திரும்பக் கிடைக்கிற டெபாசிட்டையே எடுத்தேன், விசா கையில் வராதபோது மலிவு விலைக்கு ஆசைப்படுவது சரியில்லை. இன்னொரு லாபமும் உண்டு: ஃபைனல் பேமென்ட், அதாவது மீதிப் பணம் முழுவதையும் கட்ட வேண்டிய தேதி வரை விலை இறங்கினால் கூப்பிட்டுப் புதிய விலைக்கு மாற்றச் சொல்லலாம். அவர்களாக மாற்றித் தர மாட்டார்கள், நாம்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையில் வந்த சட்டத்துக்குப் பிறகு வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்த்தே விலை போடுகிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது பெரிய உதவி. டிப்ஸ் மட்டும் இன்னும் வெளியேதான். ஒருவருக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை என்றால் நான்கு பேருக்கு ஏழு நாளைக்கு என்ன ஆகிறது என்று முன்பே போட்டுப் பார்க்க வேண்டும்.

"கேரண்டி" கேபின் மலிவாகக் கிடைத்தும் வேண்டாம் என்றேன். அதில் வகை மட்டும்தான் நம்முடையது, அறை எண்ணை அவர்கள் இஷ்டத்துக்குக் கொடுப்பார்கள். வயதானவர்களுக்கு லிஃப்ட் பக்கத்தில், கப்பலின் நடுவில், கொஞ்சம் கீழ்த்தளத்தில் அறை வேண்டும், ஆட்டமும் குறைவாகத் தெரியும்.

இன்னொன்றையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் 2024 சீசனிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான். அதில் நான்கு கரையோரக் கப்பல் மேடையில் கட்டி நிற்கும், ஐந்தாவது கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோகும். அம்மாவின் முழங்காலுக்கு ஆடுகிற படகில் ஏறி இறங்குவது ஆகாது. எந்தக் கப்பல் எங்கே நிற்கும் என்பதற்கு அலாஸ்கா துறைமுக ஏஜென்ட்டுகள் அட்டவணை வெளியிடுகிறார்கள். எங்கள் கப்பலுக்கு மேடை போட்டிருந்தது.

2025 ஜனவரி 14, செவ்வாய்

காலையில் மெயில். எங்கள் பயணமே ரத்து. ஏதோ ஒரு நிறுவனம் அந்த வாரத்துக்கு முழுக் கப்பலையும் வாடகைக்கு எடுத்துவிட்டதாம்.

புயல் என்றால் புரிந்துகொள்வேன். இது நல்ல பேரம் வந்ததால் எங்களை இறக்கிவிட்டது, வேறொன்றும் இல்லை. ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படித்தேன். கப்பலை வாடகைக்கு விடவும், வழியை மாற்றவும், துறைமுகத்தை விடவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது, கட்டிய பணத்தைத் திருப்பித் தந்தால் கணக்குத் தீர்ந்தது. அதே நான் ஃபைனல் பேமென்ட்டுக்குப் பிறகு ரத்து செய்தால், நாள் நெருங்க நெருங்கக் கால், அரை, முக்கால் என்று பிடித்து, கடைசியில் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். ஒரே காகிதத்தில் இரண்டு பேருக்கு இவ்வளவு வேறுபட்ட நியாயம் இருக்கக் கூடாது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன், வயதானவர்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் திட்டம் போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு வழி கொடுத்திருந்தார்கள்: முழு ரீஃபண்ட், அல்லது ஜூலை 20 கிளம்பும் பயணத்துக்கு அதே விலையில் மாற்றம். ஜூலை பொதுவாக ஜூனைவிட விலை கூடுதல், அதனால் மாற்றத்தை ஏற்றுக்கொண்டேன். ஆனால் மெயிலில் இருந்த பட்டனை அழுத்தவில்லை, ஏஜென்ட்டை உடனே கூப்பிட்டேன், ஏனென்றால் தானாக ஒதுக்கிய அறைகள் இரண்டும் கப்பலின் பின்கோடியில், வேறு வேறு தளத்தில் இருந்தன. நடுவில் அடுத்தடுத்த இரண்டு அறை இன்னும் மிச்சம் இருந்தது, பிடித்துவிட்டோம். பழைய விலை, திரும்பக் கிடைக்கும் டெபாசிட், கப்பலில் செலவழிக்க ஆளுக்குக் கொடுப்பதாகச் சொன்ன பணம், மூன்றையும் எழுத்தில் வாங்கினேன். போனில் சொன்னதற்குப் பிறகு யாரும் பொறுப்பேற்பதில்லை. ஜூனோ அட்டவணையையும் மறுபடி பார்த்தேன். மேடைதான்.

சென்னை–டாலஸ் டிக்கெட் இன்னும் போடாதது நல்லதாயிற்று.

2025 பிப்ரவரி 22, சனி

கனடா விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தாகிவிட்டது. ஒருவருக்கு 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. அப்பாவும் அம்மாவும் உழவன் எக்ஸ்பிரஸில் சென்னை போய்க் கைரேகை கொடுத்துவிட்டு, இரவு அதே ரயிலில் ஊர் திரும்பினார்கள். க்ரூஸ் முன்பதிவு, அமெரிக்க விசா நகல், எங்கள் கிரீன் கார்டு நகல், யார் செலவு என்று ஒரு கடிதம், எல்லாம் இணைத்தேன்.

முன்பெல்லாம் பலமுறை நுழையும் விசாவைப் பத்து வருடத்துக்குச் சாதாரணமாகக் கொடுத்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது அதிகாரியின் முடிவு, ஒருமுறை மட்டும் என்றும் கொடுக்கலாம். அதனால் வழியில் கப்பல் நிற்கும் அலாஸ்கா ஊரான ஸ்காக்வேயில் ரயில் சுற்றுலா எடுக்கும்போது கவனமாக இருந்தேன். அங்கிருந்து மலைக் கணவாய் ஏறும் வைட் பாஸ் ரயிலில் சில பயணங்கள் கனடாவுக்குள் போய் இறக்கிவிடும். நாங்கள் எடுத்தது உச்சி வரை போய் இறங்காமலே திரும்பி வருவது. விக்டோரியா ஒன்றுதான் நுழைவு.

2025 ஏப்ரல் 19, சனி

திங்கட்கிழமை ஃபைனல் பேமென்ட், சரியாகத் தொண்ணூறு நாள் முன்னால். விசா வந்துவிட்டது, இரண்டு பேருக்கும் பலமுறை நுழைவு. அம்மா போனிலேயே அழுதுவிட்டாள்.

கட்டுவதற்கு முன் கடைசியாக விலை பார்த்தேன். எங்கள் வகை ஏறியிருந்தது, கேட்க ஒன்றும் இல்லை. க்ரூஸ் எடுக்கிற எல்லோருக்கும் நான் சொல்லக்கூடிய ஒரே விஷயம் இந்தத் தேதிதான். பேரம், மாற்றம், ரத்து, அறை மாற்றல் எல்லாவற்றையும் இதற்குள் முடித்துவிட வேண்டும். இதற்கு அப்புறம் நம் கையில் இருப்பது இன்ஷூரன்ஸ் மட்டுமே.

அதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அப்பா அம்மா ஊரிலிருந்து வரும்போது நாம் எடுக்கிற விசிட்டர் இன்ஷூரன்ஸ் மருத்துவத்துக்குத்தான், க்ரூஸ் பணத்துக்கு அது உதவாது. பயண இன்ஷூரன்ஸ் தனி. எந்தக் காரணத்துக்கு ரத்து செய்தாலும் பணம் தருகிற வகை வேண்டுமென்றால் முதல் டெபாசிட் கட்டி இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்க வேண்டும், அதிலும் பாதி முதல் முக்கால் பங்குதான் திரும்பும். எங்களுக்கு நவம்பர் கடைசியில் கட்டிய டெபாசிட்டுக்கு டிசம்பர் முதல் வாரமே வாங்கியிருந்தேன், ஜனவரியில் தேதி மாறியதும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியைத் திருத்தினேன். கப்பல் டாக்டரின் பில் நேராக நம் அறைக் கணக்கில் ஏறும், ஹெலிகாப்டரில் கொண்டுபோக வேண்டி வந்தால் பெரிய தொகை. அதனால் மருத்துவ இடமாற்றம் உள்ள பாலிசி பார்த்தேன்.

2025 ஜூன் 8, ஞாயிறு

இரண்டு மெயில். இன்னொரு அலாஸ்கா துறைமுகமான கெட்சிக்கனில் நிற்கும் நேரம் ஒன்றரை மணி குறைந்தது. டிப்ஸ் ஏறுகிறது, ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் முன்கூட்டியே கட்டினால் பழைய விலை. கட்டிவிட்டேன். அந்தப் பணம் அறை சுத்தம் செய்கிறவர்களுக்கும் பரிமாறுகிறவர்களுக்கும் போகிறது, அதைக் குறைக்கச் சொல்லி வரிசையில் நிற்பதில் எனக்கு விருப்பம் இல்லை.

2025 ஜூலை 19, சனி

சியாட்டில். ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டோம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஹோட்டலில் எல்லா ஒரிஜினலையும் ஒரே பையில் போட்டுவிட்டேன், அது நாளைக்குப் பெரிய பெட்டிகளோடு போகாது, என் தோளில்தான்.

2025 ஜூலை 23, புதன்

ஸ்காக்வே இல்லை.

காலை ஏழு மணிக்குக் கேப்டன் அறிவித்தார். காற்று வரம்புக்கு மேல் இருக்கிறது, இரண்டு முறை முயன்றோம், பாதுகாப்பாகக் கட்ட முடியாது. லின் கால்வாய் என்ற நீண்ட இயற்கைக் கடல் நுழைவின் வடகோடியில் இருக்கிற ஊர், மலைகளுக்கு நடுவே காற்று இறுகி வரும். அவர் முடிவில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இவ்வளவு பெரிய கப்பலை அந்தக் காற்றில் மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. ஜனவரியில் வந்த மெயிலும் இதுவும் ஒரே ஒப்பந்த வரியின் கீழ் வருவதுதான் எனக்கு உறுத்துகிறது.

அம்மாவுக்குத்தான் பெரிய வருத்தம். கும்பகோணத்தில் அக்கம்பக்கம் எல்லோரிடமும் அந்த ரயிலைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். 1898இல் தங்க வேட்டைக் காலத்தில் போட ஆரம்பித்த பாதை என்று அப்பா வேறு படித்துச் சொல்லியிருந்தார். நாள் முழுக்கப் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். நேற்று ஜூனோவில் மெண்டன்ஹால் பனிப்பாறையை இரண்டு பேரும் அவ்வளவு ரசித்தார்கள், அதைப் பற்றிப் பேச்சு கொடுத்தும் சரியாகவில்லை.

ரயிலைக் கப்பல் மூலமாக எடுத்ததால் பணம் தானாகவே திரும்பி வருகிறது. வெளியில் எடுத்திருந்தால் அந்தந்த நிறுவனத்தின் விதி. கப்பல் வழியாக எடுத்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும் என்பதற்காகவும்தான் அப்படி எடுத்தேன். துறைமுகக் கட்டணம் அறைக் கணக்கில் வரவு வைக்கப்படும் என்றார்கள். வரவேற்பு மேசையில், எந்தக் காரணத்தால் ஸ்காக்வே விடப்பட்டது என்று ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் பாலிசியில் தவறிய துறைமுகத்துக்கு ஒரு சின்னத் தொகை உண்டு, அதற்கு இந்தக் கடிதம் வேண்டும். வரிசையில் இருந்த யாருமே அதைக் கேட்கவில்லை.

2025 ஜூலை 24, வியாழன்

எண்டிகாட் ஆர்ம், மலைகளுக்கு நடுவே உள்ள குறுகிய கடல் நுழைவு. அதன் கோடியில் இருக்கும் டாஸ் பனிப்பாறை வரை போனோம், மிதக்கும் பனிக்கட்டி குறைவு. அம்மா சிரித்தாள். ராத்திரி சாப்பாட்டுக்கு, முந்தின நாளே சொல்லி வைத்ததால், தாலும் சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் கறியும் செய்து கொண்டுவந்தார்கள். இந்திய சைவம் வேண்டும் என்பவர்கள் முதல் நாளே தலைமைப் பரிமாறுநரிடம் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் முகம் கோணாமல் செய்கிறார்கள்.

2025 ஜூலை 26, சனி

விக்டோரியா. ராத்திரி எட்டு மணிக்கு இறங்கினோம். கனடா அதிகாரி விசாவைப் பார்த்து ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார். அப்பா என்னிடம், "ஸ்காக்வேய விட்டாங்களே, இதையும் விட்டுருந்தா விசாவுக்கு இவ்ளோ அலைஞ்சது வீண்தானே" என்றார். மற்ற எதை விட்டாலும் வெளிநாட்டுத் துறைமுகத்தை அவர்களால் லேசில் விட முடியாது என்று அந்தப் பழைய சட்டத்தை விளக்கினேன். ரொம்ப ஆர்வமாகக் கேட்டார், 1886 என்றதும் இன்னும் ஆர்வம்.

2025 ஆகஸ்ட் 9, சனி

கணக்குப் பார்த்தேன். ரயில் பணம் கார்டுக்கு முழுதாக வந்துவிட்டது. துறைமுகக் கட்டணம் கப்பலிலேயே கணக்கில் ஏறி, செலவாகாத பாகமும் கார்டுக்கு வந்தது. ஜனவரியில் கொடுத்த செலவுப் பணம் அப்படி இல்லை, கப்பலிலேயே செலவழிக்காவிட்டால் போய்விடும் வகை; கடைசி நாள் அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் பேரப்பிள்ளைகளுக்குச் சில சாமான்களும் வாங்கித் தீர்த்தோம்.

அம்மா ரயிலை விடுவதாக இல்லை. விசா செல்லுபடியாக இருக்கிறது, அதனால் அடுத்த முறை வான்கூவரில் ஏறி அலாஸ்காவில் இறங்குகிற ஒருவழிப் பயணம் பார்க்கலாம் என்று இருக்கிறேன், அதில் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குப் போகிற கப்பல்கள் இருக்கின்றன, அங்கே ஒரு நாளைக்கு இரண்டு க்ரூஸ் கப்பலுக்குத்தான் அனுமதி. ஜூனோவிலும் 2026இலிருந்து நாளொன்றுக்கு வரும் கப்பல்களில் மொத்தம் 16,000 பயணிகள் படுக்கை, சனிக்கிழமை 12,000 என்று வரம்பு வருகிறது, ஆகவே சனிக்கிழமை ஜூனோ போடுகிற பயணங்களின் வழி மாற வாய்ப்பு உண்டு என்று நினைத்து அவற்றைத் தவிர்க்கிறேன்.

தவறிய துறைமுகத்துக்கான இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தைக் கப்பலில் வாங்கிய கடிதத்தோடு நேற்று அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.