கேட்டில் எழுதும் நேரம்

ஜூன் 9, திங்கள்

விடிகாலை நாலரைக்கு அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஃபர்னிஷிங் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆயிற்று, கால் மட்டும் அயனாவரத்திலிருந்து அந்தப் பக்கமே போகிறது. கொன்னூர் நெடுஞ்சாலையில் பால் பூத்காரர் பார்த்து, பேச்சுக் கொடுத்து உட்கார வைத்திருந்தார். நல்லவேளை.

காணாமல் போனவருக்காக 24 மணி நேரம் காத்திருந்துதான் போலீசுக்குப் போக வேண்டும் என்று மாமா அடித்துச் சொல்கிறார். அப்படி எந்த விதியும் இல்லை. அப்பா மாதிரி டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பவர் என்றால் உடனே 100-க்கோ 112-க்கோ சொல்லிவிட வேண்டும்.

தம்பி பெங்களூரிலிருந்து பேசினான். "ஜி.பி.எஸ். வாட்ச் வாங்கிடலாம்க்கா."

ஜூன் 14, சனி

ஏர்டேக் போதுமே, மலிவு என்றான் கீழ்வீட்டுப் பையன். தொலைந்த பொருளைத் தேட ஆப்பிள் விற்கும் சின்ன வில்லை அது. படித்துப் பார்த்தேன். அதில் ஜி.பி.எஸ்.ஸே கிடையாது. பக்கத்தில் போகும் ஆப்பிள் கருவிகள் வழியாகத்தான் இடம் தெரியும். விடிகாலை நாலரைக்கு எங்கள் தெருவில் ஐஃபோனோடு யார் நடக்கிறார்கள்? போதாததற்கு, ஒருவருக்குத் தெரியாமல் அவரை வேவு பார்க்கக் கூடாது என்பதற்காக, அதன் உரிமையாளரை விட்டு வெகுநேரம் பிரிந்திருந்தால் அதுவே ஒலி எழுப்பும். சட்டைப் பைக்குள் ஏதோ கத்தினால் அப்பா சாக்கடையில் எறிந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

ஜூன் 19, வியாழன்

சிம் போடுகிற வாட்ச் வந்துவிட்டது. செயலியைத் திறந்தால் முதலில் 'சம்மதிக்கிறேன்' கட்டம். யாருடைய சம்மதம்? 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், மாற்றுத்திறனாளிக்காகச் சட்டப்படியான காப்பாளர் சம்மதம் தரலாம் என்கிறது. நான் மகள். எந்த கோர்ட்டும் என்னைக் காப்பாளராக நியமிக்கவில்லை.

காலையில் காபி குடித்த பிறகு அப்பா தெளிவாக இருப்பார். அந்த நேரத்தில் வாட்சைக் காட்டி, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று இது எங்களுக்குச் சொல்லும் என்றேன். சுகர் பார்க்கிற வாட்ச் என்று சொல்லிக் கட்டிவிடச் சொல்லியிருந்தான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை.

அப்பா வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேட்ல உள்ள வர்ற நேரம், வெளிய போற நேரம் எழுதுவான். அது சரி. கேன்டீன்ல யார்கூட உக்காந்தேன்னு எவனும் எழுதினதில்லையே" என்றார். அப்புறம் கையை நீட்டினார்.

ஜூன் 27, வெள்ளி

அப்பா கட்டிலில் தூங்குகிறார். வரைபடத்தில் பெரம்பூர் லோகோ ஸ்டேஷன் பக்கம் நிற்கிறார்! கான்கிரீட் கூரைக்குக் கீழே சாட்டிலைட் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அப்போது செல்போன் டவரை வைத்துக் குத்துமதிப்பாக ஓர் இடம் காட்டும். வீட்டைச் சுற்றி 100 மீட்டர் எல்லை போட்டேன், ராத்திரியெல்லாம் பொய் அலாரம். 300 ஆக்கிய பிறகு கொஞ்சம் அடங்கியது. நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் சொல்லச் சொன்னால் மத்தியானத்துக்குள் சார்ஜ் காலி.

ஜூலை 5, சனி

இன்று சண்டை.

தம்பி ஆபீசில் உட்கார்ந்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அப்பா முக்கால் மணி நேரமாக டீக்கடையை விட்டு நகரவில்லை. உடனே போன். "சுகரை வெச்சுக்கிட்டு பஜ்ஜி தின்றீங்களா?" அப்பா மிரண்டுவிட்டார். "உனக்கு எப்படிடா தெரியும்?" வீட்டுக்கு வந்து வாட்சைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டார்.

பஜ்ஜி தின்றார்தான். பழைய யூனியன் ஆட்களோடு உட்கார்ந்து தின்றார். தெரு தாண்டித் தொலைந்துபோவதைத் தடுக்க வாங்கிய பொருளுக்கு பஜ்ஜிக் கணக்கு எதற்கு? டீக்கடைக்காரரிடம் என் நம்பர் இருக்கிறது, ஒன்று என்றால் கூப்பிடுவார். அதுகூட எனக்கு உறுத்தல்தான். அப்பாவுக்கு என்ன வியாதி என்று கடைக்கடையாகச் சொல்லி வைத்திருக்கிறேன், அவரைக் கேட்காமல்.

ஜூலை 6, ஞாயிறு

தம்பி போனில் இனி வரைபடம் வராது. எல்லை தாண்டினால் இரண்டு பேருக்கும் அலாரம் வரும், தேவைப்பட்டால் நான் திறந்து பார்ப்பேன். போன இடங்களின் பட்டியல் வாரத்துக்கு ஒருமுறை அழியும்படி வைத்துவிட்டேன்.

"நீ பக்கத்துல இருக்க, உனக்குச் சுலபம்" என்றான். அதில் நியாயம் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வராமல் தொலைவில் கிடப்பவன் அவன். ஆனாலும் அவன் பயத்துக்கு மருந்து அப்பாவின் டீக்கடை இல்லை.

இன்று காலை அப்பா வாட்சை மறுபடி கட்டிக்கொண்டார். என்ன மாற்றினேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

ஐந்து மணிக்கு அலாரம். அப்பாவைச் சிக்னலுக்கு முன்னாலேயே பிடித்துவிட்டேன். தம்பியும் கூப்பிட்டான், இந்த முறை என்னை.

அடுத்தது கேமரா என்கிறான். அப்பாவிடமே கேட்டேன். கூடத்தில் வைக்கலாமாம், அவர் அறையில் கூடாதாம். அதோடு, அது டிவியைப் பார்த்து இருக்கணுமாம். ரிமோட்டை எடுத்து ஒளித்து வைப்பது மாமாதான் என்று அவருக்குப் பலத்த சந்தேகம்.